நூலில் நிற்கும் நட்சத்திரம்

அந்த நெகட்டிவில் நட்சத்திரங்கள் அத்தனையும் வட்டமாக இருந்தன. சகாயநாதனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

குளியலறைக் கதவிடுக்கில் கம்பளியைச் செருகி இருட்டாக்கி, மருந்து வாடை மூக்கில் ஏற ஏறக் கழுவி எடுத்த ஃபிலிம் சுருளைக் கொடியில் தொங்கவிட்டிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, நடுவில் பென்சில் முனையால் சுழித்ததுபோல ஒரு கறுப்புச் சுழி தெரிந்தது. சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனிக்குப் பக்கத்தில் இருக்கிற சுருள் விண்மீன் மண்டலம். மூன்று கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம், அவர் கையால் தேய்த்த கண்ணாடியில் பட்டு இந்தச் சுருளில் இறங்கியிருக்கிறது. வீட்டையே இரண்டாக்கிக் கூத்தாடியிருக்க வேண்டியவர், சுழியைச் சுற்றியிருந்த புள்ளிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏனென்றால் முந்தாநாள் ராத்திரி, இந்தப் படம் பதிவாகிக்கொண்டிருந்த முக்கால் மணி நேரத்துக்கு நடுவில், அவர் தூங்கிப்போயிருந்தார்.

பத்து நிமிஷம் இருக்கும். அவருடைய தொலைநோக்கியில் மோட்டார் கிடையாது. பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். பெரிய குழாய் அவற்றின் பின்னாலேயே போக வேண்டுமென்றால், பித்தளைக் குமிழ் ஒன்றைக் கையால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு திருப்புவது என்று பார்ப்பதற்குப் பெரிய குழாயின் முதுகில் ஒரு சின்னக் குழாய். அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகச் சிலந்தி நூல் இரண்டை ஒட்டியிருந்தார். ஏதாவது ஒரு நட்சத்திரத்தை இரண்டு நூலும் வெட்டுகிற இடத்தில் நிறுத்தி, அது தவறாமல் பார்த்துக்கொண்டு குமிழைத் திருப்ப வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. பத்து நிமிஷம் கை நின்றிருந்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் நெல்மணி மாதிரி நீண்டிருக்கும்.

ஒன்றுகூட நீளவில்லை.

"தூங்கிட்டோம்னு நீங்களா நெனச்சிருப்பீங்க," என்றாள் அவர் மனைவி செபஸ்தியம்மாள். அவர் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்திலேயே ஐந்தாம் வகுப்பு எடுக்கிறவள். "கண்ணு அசந்தாலும் கை பழக்கத்துல சுத்தியிருக்கும்."

"அப்படித்தான் இருக்கணும்."

"அடுத்த தடவை நானும் வர்றேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நேரம் சொல்லிக்கிட்டே இருந்தா தூக்கம் எங்கேருந்து வரும்?"

அவர் சரி என்றார். விழித்தபோது கன்னம் குளிர்ந்த குழாயில் சாய்ந்திருந்ததையும், குமிழை விட்டுத் தன் இரண்டு கைகளும் மடியில் கிடந்ததையும் அவளிடம் சொல்லவில்லை.

சகாயநாதனுக்குச் சொந்த ஊர் தரங்கம்பாடி. செம்பியநல்லூருக்குப் பிசிக்ஸ் வாத்தியாராக வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. நாகப்பட்டினத்தில் உடைத்த கப்பலின் ஜன்னல் கண்ணாடியை வாங்கி வந்து, ஒன்றரை வருஷம் தேய்த்து, தஞ்சாவூர் லேத்துப் பட்டறையில் பல்சக்கரம் வெட்டி வாங்கி, தொலைநோக்கியைக் கட்டி முடித்தார். முடித்த பிறகுதான் அதை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வந்தது. தொலைநோக்கியின் கால் புதையாத தரை வேண்டும். சுற்றிலும் மரமும் விளக்கும் இருக்கக் கூடாது. சேறும் வாய்க்காலுமான அந்த ஊரில் அப்படி ஓர் இடம்தான் உண்டு. பண்ணைக் களம்.

பெயர்தான் பண்ணைக் களம். இப்போது அது காளியம்மாளுடையது. நில உச்சவரம்பில் பண்ணை நிலம் உபரியாகி, பந்தல் போட்டுக் கொடி கட்டி மந்திரி வந்து பட்டா கொடுத்தபோது, மற்றவர்களுக்கெல்லாம் நஞ்சை விழுந்தது. காளியம்மாள் பேருக்கு இந்தச் சிமெண்டுத் தரை. உழவும் முடியாது, நடவும் முடியாது. நெல் காயப்போடவும் ஊரில் யாரும் அங்கே வருவதில்லை.

காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எழுபத்தொன்றாம் வருஷத்து அறுப்பில் ஆட்கள் கொடி நட்டுக் கூலி உயர்த்திக் கேட்டார்கள். பண்ணையார் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கினார். இருபது வருஷமாகப் பண்ணைக் களத்தில் நெல் அளந்துகொண்டிருந்த வீரையன், மரக்காலைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆட்களோடு போய் நின்றார். மூன்றாம் நாள் ராத்திரி அவரைக் காணவில்லை. கேசுக்குப் பயந்து பம்பாய்க்கு ஓடிவிட்டான் என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள். உடம்பு கிடைக்காததால் வழக்கும் இல்லை. அதே வாரத்தில் பண்ணையார் மண் களத்தைச் சிமெண்டுக் களமாக்கினார்.

வீரையனின் மனைவிதான் காளியம்மாள். தாலியோடும் குங்குமத்தோடும் இருந்தாள்.

களத்தில் தொலைநோக்கி வைக்கட்டுமா என்று கேட்க அவள் வீட்டுக்குப் போனபோது, வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். "வச்சுக்குங்க சார். சும்மாதானே கெடக்கு," என்றாள். பிறகு முறத்தை நிறுத்தி, "ராத்திரில யாராச்சும் அந்தப் பக்கம் வந்தா யாருன்னு கேளுங்க சார். வெரட்டிப்புடாதீங்க. அவரு வந்தா அந்த வழியாத்தான் வருவாரு," என்றாள்.

சகாயநாதன் தலையை ஆட்டிவிட்டு வந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

ஏனென்றால் அவருக்குத் தெரிந்த ஒன்று ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. வேலைக்கு வந்து இரண்டு மாசம், கல்யாணம் ஆகவில்லை, களத்துக்கு எதிரே இரண்டு வயல் தள்ளிப் பண்ணையாருக்குச் சொந்தமான, இப்போதும் இருக்கிற இதே வீட்டில் குடியிருந்தார். வீரையன் காணாமல்போன அந்த ராத்திரி பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. இடிக்கவில்லை, கத்தவில்லை. ஒரு வாத்தியாரை எழுப்புகிற மரியாதையோடு, மூச்சு வாங்க வாங்க, தணிவாக: "சார்… முழிச்சிருக்கீங்களா சார்?"

மூன்று தடவை.

சகாயநாதன் லாந்தர் திரியை இறக்கினார். இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு பல கால்கள் ஓடிவந்தன. எதையோ மண்ணோடு இழுத்துப்போகிற ஓசை களத்துப் பக்கம் தேய்ந்து மறைந்தது. இன்ஸ்பெக்டர் கேட்டபோது, "அசந்து தூங்கிட்டேன் சார்," என்றார். செபஸ்தியம்மாளிடம் அவர் அதைச் சொன்னதில்லை. பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் மாதா கோயில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

தொலைநோக்கியை நிறுத்த வேறு இடம் இல்லை என்பது நிஜம். அந்த நிஜத்தை அவர் ஒரு நாளைக்கு நாலு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மாசி அமாவாசையன்று வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பதினோரு மணிக்கு ஷட்டரைத் திறந்தார். செபஸ்தியம்மாள் அவருக்குப் பின்னால் நாலடி தள்ளி ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்து, சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சைக் கைக்கடிகாரத்தில் பிடித்துக்கொண்டாள். சகாயநாதன் முக்காலியில் குனிந்து, வலது கண்ணைச் சின்னக் குழாயில் பொருத்தி, இடது கண்ணை மூடினார். கறுப்பு வட்டம், இரண்டு நூல், நடுவில் ஒரு நட்சத்திரம். அதற்கப்புறம் உலகம் காதாலும் மூக்காலும் மட்டும்தான் வந்தது: தூரத்தில் வெண்ணாற்றங்கரையில் ஏதோ ஒரு பம்புசெட் விக்கி விக்கி ஓடுவதும், உளுந்துச் செடிகளில் பனி இறங்கும்போது வயல் முழுக்க எழுகிற ஈரமான பச்சை வாசமும், நரி ஒன்று ஊளையிட்டதும் ஊர் நாய்கள் அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்வதும், பகலெல்லாம் குடித்த வெயிலைச் சிமெண்டுத் தரை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே குளிர்வதும்.

"அஞ்சு," என்றாள் செபஸ்தியம்மாள்.

குமிழைத் திருப்பினார். நட்சத்திரம் நூலில் நின்றது.

"பத்து. கால்ல எறும்பு கடிக்குதுங்க."

"அசையாத. தரை அதிரும்."

"பதினஞ்சு." பின்னால் பாய் சரசரத்தது. ஏதோ சொன்னாள். அந்நேரம் நட்சத்திரம் இடது பக்கம் நழுவப் பார்த்தது. அதைப் பிடித்து நூலுக்குக் கொண்டுவருகிற மும்முரத்தில் அவர் "ம்" என்று மட்டும் சொன்னார்.

"இருபது."

பம்புசெட் நின்றுபோயிருந்தது. நாய்களும் ஓய்ந்துவிட்டன. அந்த நிசப்தத்தில் ஒரு வாசம் வந்தது. அவருக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது, இருந்தும் நம்பப் பிடிக்கவில்லை. புதுநெல். அடித்து முடித்துக் குவித்த நெல்லின் சூடான, சுணை பறக்கிற வாசம். அறுப்பு முடிந்து ஒன்றரை மாசமாகிறது. இந்தக் களத்தில் நெல் விழுந்து பதினோரு வருஷமாகிறது.

"செபஸ்தி, நெல் வாசம் வருதா?"

பதில் இல்லை. தூக்கம் வந்திருக்கும் என்று நினைத்தார்.

"இருபத்தஞ்சு."

தூங்கவில்லை. அவருக்கு நிம்மதியாக இருந்தது. குமிழைத் திருப்ப விரலை வைத்தார். குமிழ் ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருந்தது. மிக மெதுவாக, அவர் விரல்களுக்கு அடியில், அவரைவிடப் பழகிய ஒரு கை திருப்புவதுபோல. நட்சத்திரம் இம்மி பிசகாமல் நூலில் நின்றது. பல்சக்கரம் தளர்ந்திருக்கும். எடையில் தானாக இழுக்கும். அப்படி ஆவதுண்டு. பித்தளை வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போதுதான் தூரத்திலிருந்து, இரண்டு வயல் தாண்டி வீட்டுப் பக்கமிருந்து, செபஸ்தியம்மாளின் குரல் கேட்டது.

"என்னங்க! சால்வைய எடுத்துக்கிட்டேன்! கதவப் பூட்டிட்டு இதோ வந்துர்றேன்!"

சகாயநாதன் கண்ணை எடுக்கவில்லை.

பதினைந்துக்கு அப்புறம் அவள் சொன்னது அதுதான். சால்வை எடுத்துவரப் போகிறேன் என்றிருக்கிறாள். அவர் 'ம்' என்றார். அவள் போய்விட்டாள்.

அப்படியென்றால் இருபது சொன்னது.

இருபத்தைந்து சொன்னது.

"முப்பது," என்றது பின்னாலிருந்த குரல்.

பெண் குரல் என்று சொல்ல முடியாது. ஆண் குரல் என்றும் சொல்ல முடியாது. இதுவரை செபஸ்தியம்மாளின் குரலைப் போல இருக்க அது முயன்றுகொண்டிருந்தது. இப்போது முயலவில்லை. தொண்டையைச் செருமியது. மண் அடைத்த தொண்டை.

திரும்பிப் பார்க்கலாம். கழுத்தைத் திருப்பினால் போதும். ஆனால் இந்த வட்டத்துக்குள் இரண்டு நூலும் ஒரு நட்சத்திரமும்தான் இருக்கின்றன. இதற்குள் வேறு எதுவும் வர முடியாது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை வேறெதையும் பார்க்க வேண்டாம்.

"லாபம்," என்றது குரல்.

களத்தில் நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்லித் தொடங்க மாட்டார்கள். முதல் மரக்காலுக்கு லாபம் என்பார்கள்.

வெறுங்கால் ஒன்று சிமெண்டில் பதிந்தது.

"ரெண்டு."

இன்னொரு அடி.

"மூணு."

வியர்வை வாடை. ஈர மண் வாடை.

"நாலு."

நின்றது. காதுக்குப் பக்கத்தில். மூச்சு வாங்கியது, ஓடி வந்தவன் வாங்குகிற மூச்சு. பிறகு மரியாதையாக, தணிவாக:

"சார்… முழிச்சிருக்கீங்களா சார்?"

ஒரு சொல் போதும். ஆமாம் என்றால் போதும். பதினோரு வருஷம் கழித்து அதே கேள்வி, அதே மூச்சு. பதிலுக்காக அது காத்திருந்தது.

சகாயநாதன் பார்த்துக்கொண்டிருந்த வலது கண்ணையும் மூடிக்கொண்டார்.

பிறகு எழுந்து ஓடினார். முக்காலி சாய்ந்தது. ஷட்டர் திறந்தபடி கிடந்தது. வரப்பில் விழுந்து எழுந்து மறுபடி விழுந்து, முதல் வயலைத் தாண்டும்போது எதிரே லாந்தரோடு செபஸ்தியம்மாள் வந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க ஆச்சு? கைய விடுங்க, வலிக்குது." அவள் அவருடைய தோளுக்கு மேலாக, வெளிச்சம் எட்டாத களத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "நீங்க இங்க நிக்கறீங்க. அங்க குழாய்கிட்ட குனிஞ்சுக்கிட்டு இருக்கறது யாரு?"

அவர் திரும்பவில்லை. அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய் எல்லாத் தாழ்ப்பாளையும் போட்டார்.

விடிகிறவரை இரண்டு பேரும் சமையற்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கிழக்கு வெளுக்கும் நேரத்தில் சகாயநாதன் எல்லாவற்றையும் சொன்னார். கதவு, குரல், லாந்தர் திரி, இன்ஸ்பெக்டர். முடிந்ததும் செபஸ்தியம்மாள் எழுந்து சமையற்கட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

"பதினோரு வருஷமா அவ தெனம் குங்குமம் வச்சுக்கிட்டு நம்ம வாசல் வழியாப் போறா," என்றாள். "நீங்க பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

"பயந்துட்டேன் செபஸ்தி."

"போங்க. போய் அவகிட்ட சொல்லுங்க. சொல்லாம இந்த வீட்டுக்குள்ள வராதீங்க."

போகத்தான் செய்தார். ஆனால் வெயில் நன்றாக ஏறட்டும் என்று ஒன்பதரை வரைக்கும் ஏதேதோ சாக்குச் சொல்லி உட்கார்ந்திருந்துவிட்டுத்தான். காளியம்மாளின் வீடு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ரெங்கம்மாள் தலை தூக்கினாள்.

"அக்கா இருட்டோட களத்துக்குப் போச்சு சார். யாரோ கூப்புட்ட மாதிரி எந்திரிச்சுப் போச்சு. இன்னும் வரல."

களத்துக்கு வந்தபோது பத்து மணி. வெயில் சிமெண்டில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. தொலைநோக்கியைப் பார்த்ததும் அவருடைய கால்கள் தாமாக நின்றன. ராத்திரி அவர் விட்டுப்போனபோது குழாய் வானத்தைப் பார்த்து நின்றது. இப்போது அது வடமேற்கே முழுக்கச் சாய்ந்து, தொடுவானத்துக்கும் கீழே இறங்கி, களத்தின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மனசு பழக்க தோஷத்தில் கணக்குப் போட்டது. அந்த விண்மீன் மண்டலம் ஒன்பது மணிவாக்கில் அஸ்தமித்திருக்கும். அஸ்தமித்த பிறகும் யாரோ விடாமல் அதன் பின்னாலேயே போயிருக்கிறார்கள்.

காளியம்மாள் முக்காலியில் குனிந்து சின்னக் குழாயில் கண்ணை வைத்திருந்தாள். அவளுடைய வலது கை குமிழில் இருந்தது. மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"காளியம்மா."

"சத்தம் போடாதீங்க சார். நூல்லேருந்து தவறிடும்."

நூலைப் பற்றி அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"எப்ப வந்தீங்க?"

"விடியறதுக்கு முந்தியே வந்துட்டேன். நான் வர்றப்ப இது சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு." குரலில் அழுகை இல்லை. வேலையில் இருக்கிறவள் பேசுகிற குரல். "அவருக்குக் கை ஓஞ்சுபோச்சு. நான் வாங்கிக்கிட்டேன்."

அவளுடைய கழுத்து வெறுமையாக இருந்தது. நெற்றியில் குங்குமம் வியர்வையோடு வழித்துவிடப்பட்டிருந்தது. குழாய் காட்டிய இடத்தில், களத்தின் வடமேற்கு மூலையில், தாலிக் கயிற்றைச் சுருட்டித் தரையில் வைத்திருந்தாள்.

"காளியம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ராத்திரி நான்…"

"தெரியும் சார். சொல்லிட்டாரு."

அவள் எழுந்தாள். குமிழிலிருந்து கையை எடுக்காமல், நடவு வரிசையில் அடுத்தவருக்கு இடம் விடுகிறதுபோல ஒதுங்கி நின்றாள். குமிழ் நிற்கவில்லை.

"வாங்க. உங்களப் பாக்கணுமாம்."

ஓடியிருக்கலாம். சுற்றிலும் பட்டப்பகல், இரண்டு வயல் தள்ளி உளுந்தில் ஆட்கள் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். சகாயநாதன் நடந்துபோய் முக்காலியில் உட்கார்ந்தார். குழாய் வெயிலில் சுட்டது. கண்ணை வைத்தார்.

பத்து மணி வெயிலில் வெள்ளையாகக் கூச வேண்டிய இடத்தில் இருட்டாக இருந்தது. நடுவே இரண்டு நூல். அவை வெட்டும் இடத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி, ஆடாமல் அசையாமல் நின்றது. நட்சத்திரம்தான், நட்சத்திரம்தான் என்று உதடு முணுமுணுக்க அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் இருட்டுக்குப் பழகியது. புள்ளியைச் சுற்றி ஏதோ ஈரமாக மினுங்கியது. அதற்கும் வெளியே களிமண் அப்பியிருந்தது. களிமண்ணில் ஒட்டிக்கொண்டு, மேலே ஒரு வரிசையும் கீழே ஒரு வரிசையுமாகக் குட்டை மயிர்கள்.

மேல் வரிசை மெதுவாக இறங்கியது. கீழ் வரிசையைத் தொட்டது. மறுபடி மேலே ஏறியது.